பெட்டியில் கீறல் இல்லை, உள்ளே டிவி உடைந்திருக்கிறது: பணம் போனதுதானா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் 43 இன்ச் டிவி ஒன்றை 26,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டில் வாங்கியிருக்கிறீர்கள். டெலிவரிக்கு வந்தவர் பெட்டியை வாசலில் இறக்கிவைத்து, ஓடிபி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டி மேலேயே "எங்கள் சர்வீஸ் ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும்" என்று ஒட்டியிருந்ததால் நீங்கள் தொடவில்லை. கம்பெனி ஆள் ஆறாம் நாள் வந்தார். பிரித்து, சுவரில் மாட்டி, ஆன் செய்தால் திரையில் பாதி கறுப்பு, மீதி கோடு கோடாக. அவர் ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் ரிப்போர்ட் தாள்) "பிசிகல் டேமேஜ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றே தளத்தில் புகார் பதிந்திருக்கிறீர்கள். அதிலிருந்து அலைச்சல்தான். உடைப்பு வாரண்டியில் வராது என்கிறது டிவி கம்பெனி. ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லை, 7 நாள் ரிட்டர்ன் காலமும் முடிந்துவிட்டது என்கிறது வாங்கிய தளம். விற்ற கடைக்காரர் யார் என்பதே உங்களுக்குத் தெரியவில்லை. "பணம் போனதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வழியில் உடைந்த பொருளின் நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பது ஒன்று. இதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது, அது உங்கள் பக்கம்தான் இருக்கிறது. வழியில்தான் உடைந்தது என்பதை எப்படிக் காட்டுவது என்பது இன்னொன்று. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். நான் 11 வருடம் டிவி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன். அதற்கப்புறம் மதுரையில் நுகர்வோர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத மக்களுக்கு உதவி வருகிறேன். வக்கீல் இல்லை. பேனலையும் (டிவியின் திரைப் பகுதி) தெரியும், மனுவையும் தெரியும் என்ற அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்த "பிசிகல் டேமேஜ்". இந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும், நாமே உடைத்ததாக எழுதிவிட்டார்கள் என்று பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அதற்கு அர்த்தம் அது இல்லை. பேனல் தானாகக் கெட்டதா, வெளியிலிருந்து அடிபட்டுக் கெட்டதா என்பதைப் பிரித்துச் சொல்ல சர்வீஸ் ஆட்கள் எழுதும் வார்த்தை அது. எங்கே அடிபட்டது, எப்போது அடிபட்டது, யார் கையில் அடிபட்டது என்று அது எதையும் சொல்வதில்லை. சொல்லப்போனால் அந்தத் தாள் உங்களுக்கு வேண்டிய சாட்சி. கம்பெனியின் சொந்த ஆள், இன்ன தேதியில், முதல்முறை பெட்டியைப் பிரித்தபோதே பேனல் உடைந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அந்தத் தாளில் "பெட்டி தன் முன்னிலையில் பிரிக்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே அந்தச் சர்வீஸ் ஆளுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "நீங்கள் இன்ன தேதி வந்து சீல் பிரித்து டிவியை ஆன் செய்தபோதே திரை உடைந்திருந்தது, சரிதானே?" அவர் "ஆமாம் சார்" என்று பதில் போட்டால் போதும். வேலை போய்விடும் என்று பயந்து பேசாமல் இருந்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். பார்த்த தேதியும் ஜாப் ஷீட் நம்பரும் ஏற்கெனவே கம்பெனியின் கணினியில் இருக்கிறது.

பேனல் எப்படி உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், மனுவில் இது உதவும். எல்இடி டிவியின் திரை இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் வைத்து ஒட்டியது. பெட்டியை நிறுத்தியபடியேதான் தூக்க வேண்டும், நிறுத்தியபடியேதான் வண்டியில் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டிருப்பது அதற்காகத்தான். லோடு ஆட்டோவில் இடமில்லை என்று படுக்கப் போட்டு, அதன்மேல் இன்னும் நாலு பார்சலை அடுக்கினால், ஒரு வேகத்தடை போதும், நடுவில் அழுத்தம் தாங்காமல் உள் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அட்டை வளைந்து கொடுத்துப் பழையபடி நிமிர்ந்துவிடுவதால் வெளியே ஒரு கீறலும் தெரியாது. ஆன் செய்யாமல் பார்த்தால் திரை பளபளவென்று முழுசாகத்தான் இருக்கும். செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் வைத்து, சாய்வாக அடித்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு ஓரத்திலிருந்து ஓடும், அல்லது ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை மாதிரி பிரியும். அந்தப் புள்ளிதான் அடிபட்ட இடம். அதைப் படம் எடுங்கள். அப்புறம் அந்தப் புள்ளிக்கு நேரே தெர்மோகோல் அமுங்கியிருக்கிறதா, மூலைத் துண்டு விண்டிருக்கிறதா, அட்டையின் உள்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் அடிபட்ட இடமும் பேக்கிங்கில் அமுங்கிய இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தினால், வீட்டில் மாட்டிய பிறகு உடைந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அட்டைப்பெட்டி, தெர்மோகோல், பார்சல் மேல் ஒட்டிய சீட்டு எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டில் இடமில்லை என்பது புரிகிறது. கட்டிலுக்கு அடியிலாவது தள்ளி வையுங்கள்.

இனி சட்டத்தில் உறுதியாக இருப்பவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஆன்லைனில் வாங்குபவரையும் "நுகர்வோர்" என்று வெளிப்படையாகவே சேர்த்துக்கொள்கிறது. அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி மின்வணிக விதிகள் (ஆன்லைன் விற்பனைக்கான விதிகள்) வந்தன. அவற்றின் 6ஆம் விதி, தளத்தில் விற்பவர் யாராக இருந்தாலும், பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்ததாகவோ இருந்தால் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கிறது. தாமதத்துக்கு மட்டும் புயல், வெள்ளம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. தளமே தன் சொந்தச் சரக்கை விற்றால் 7ஆம் விதிப்படி அதற்கும் இதே கடமை. சட்டத்தின் 2(47) பிரிவோ, குறையுள்ள பொருளை பில்லில் போட்டிருக்கும் காலத்துக்குள், பில்லில் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே "நேர்மையற்ற வணிக நடைமுறை" என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் "7 நாள் ரிட்டர்ன்" குழப்பம் வருகிறது. கலர் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவது தளம் தரும் சலுகை. அதற்கு அவர்கள் 7 நாள் வைக்கலாம், 3 நாள் வைக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். உடைந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது சலுகைக் கணக்கில் வராது, அது விதி தரும் உரிமை. பில்லில் காலம் போட்டிருந்தால் சட்டம் அதையும் பார்க்கும் என்பதால் அந்த 7 நாளை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாதுதான். ஆனால் நீங்கள் ஆறாம் நாளே புகார் பதிவு செய்திருக்கிறீர்கள். அவர்கள் அந்தப் புகார் டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று நாள் கழித்துக் காலம் முடிந்துவிட்டது என்று மூடியிருக்கிறார்கள். கணக்கில் வர வேண்டியது நீங்கள் சொன்ன தேதி, அவர்கள் மூடிய தேதி இல்லை. அந்த முதல் புகாரின் டிக்கெட் நம்பர், நேரம், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் தாள்களில் ஜாப் ஷீட்டுக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம்.

ஓடிபி பற்றியும் அதே தெளிவோடு சொல்லலாம். ஓடிபி கொடுத்தால் பெட்டி உங்கள் கைக்கு வந்தது என்று அர்த்தம். உள்ளே இருப்பது நல்ல நிலையில் இருக்கிறது என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டமே இதைச் சொல்லிவைத்திருக்கிறது. முன்பு பார்த்திராத பொருளை வாங்கியவர், அதைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்பது அதன் 41ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் அந்த வாய்ப்பை ஆறு நாள் தள்ளிப்போட்டது யார்? எங்கள் ஆள் வரும்வரை பிரிக்காதே என்று எழுதி ஒட்டியவர்கள்தான். பிரிக்காதே என்று ஒரு கை ஒட்டுகிறது, பிரித்த வீடியோ எங்கே என்று இன்னொரு கை கேட்கிறது. இந்த முரணை மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள், அந்த ஸ்டிக்கரின் படத்தையும் சேருங்கள். ஆனால் அடுத்த 42ஆம் பிரிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியாயமான காலம் போன பிறகும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். எத்தனை நாள் நியாயம் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் உடனே எழுதுவது அவ்வளவு முக்கியம்.

பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் விதியிலும் இல்லை. அது கம்பெனிகள் தங்கள் நிபந்தனையில் எழுதி வைத்தது. வீடியோ இருந்தால் பத்து நிமிஷத்தில் முடியும் விஷயம், இல்லாவிட்டால் இழுக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை எடுப்பதாக இருந்தால் பார்சல் சீட்டில் இருக்கும் பெயரிலிருந்து ஆரம்பித்து, சீல் முழுசாக இருப்பதை ஆறு பக்கமும் காட்டி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். அந்த மூலக் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் நகல் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் அதில் போய்விடும்.

இனி சந்தேகமான பக்கத்துக்கு வருகிறேன். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை மட்டும் கொடுப்பது சரியாக இருக்காது. பொருள் குறையோடு வந்தது என்று முதலில் காட்ட வேண்டியவர் புகார் கொடுப்பவர்தான். நேரில் பார்த்த சாட்சி இல்லாத விஷயத்தில், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் ஆணையம் பார்க்கும். எவ்வளவு சீக்கிரம் சொன்னார், பேச்சு மாறாமல் சொன்னாரா, பேக்கிங் இருக்கிறதா என்பதெல்லாம் தராசில் ஏறும். எங்களிடம் வந்த ஒருவர் ஃபிரிட்ஜின் பக்கவாட்டு நெளிவை மூன்று வாரம் கழித்துக் கவனித்தார். அதற்குள் பெட்டியைக் கொடுத்துவிட்டார், வீட்டில் பெயின்ட் வேலையும் நடந்திருந்தது. அவர் உண்மைதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அவர் மனு தள்ளுபடி ஆனது. இன்னொரு அம்மா டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினார். அரிசி போட்டு ஓட்டியபோது கடகடவென்று சத்தம், தூக்கிப் பார்த்தால் ஒரு உருளைக் கல்லில் விரிசல். அவரிடமும் வீடியோ இல்லை. ஆனால் அன்றைக்கே கல்லையும் பெட்டியையும் படம் எடுத்து மெயில் போட்டிருந்தார். பெட்டியின் அடிப்பக்கம் கல் விழுந்து குழிந்த தடம் படத்தில் அப்படியே தெரிந்தது. முதல் விசாரணைத் தேதிக்கு முன்பே பணம் அவர் கணக்குக்கு வந்துவிட்டது. உங்கள் நிலை இந்த அம்மாவின் நிலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டெலிவரியின்போதே பெட்டியைத் திறந்து காட்டி ஓடிபி வாங்கும் முறை இருக்கிறதே, அதில் வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம் என்பேன். திறந்து பார்த்தும் ஒப்புக்கொண்டீர்கள் என்ற வாதம் அவர்களுக்குக் கிடைக்கும். அப்போதும்கூட டிவியை வாசலில் வைத்து ஆன் செய்து காட்டினார்களா என்று கேட்கலாம். வெளியே தெரியாத விரிசலுக்கு அந்தச் சோதனை போதாது.

தளம் பொறுப்பா, விற்றவர் மட்டும்தான் பொறுப்பா என்பதும் இன்னும் ஒரே வழியில் தீர்ந்த விஷயம் இல்லை. "நாங்கள் இடம்தான் கொடுக்கிறோம், விற்பவர் வேறு" என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 79ஆம் பிரிவைக் காட்டுவார்கள். சில ஆணையங்கள் அதை ஏற்றிருக்கின்றன. பணத்தை வாங்கியது, அனுப்பியது, புகாரைக் கேட்டது எல்லாம் தளம் என்று சொல்லிப் பல ஆணையங்கள் இருவரையும் சேர்த்தே பொறுப்பாக்கியிருக்கின்றன. 2022இல் தரச் சான்று இல்லாத பிரஷர் குக்கர்கள் விற்ற விவகாரத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கும் தளம், பிரச்சினை வரும்போது மட்டும் விலகி நிற்க முடியாது என்பது அமேசான் மீதான உத்தரவின் சாரம். அந்த விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. உங்கள் டிவிக்கு அது நேரடியாகப் பொருந்தாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்குச் சொல்கிறேன். நடைமுறையில் பதில் எளிது: மனுவில் விற்றவர், தளம் இருவரையுமே எதிர்தரப்பினராகச் சேருங்கள். டிவி கம்பெனியை மூன்றாவதாகச் சேர்ப்பது அந்தச் சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கொண்டுவர உதவும், அவர்களிடமிருந்து பணம் எதிர்பார்க்க வேண்டாம். வாரண்டியில் வழி உடைப்பு வராது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். உங்கள் கோரிக்கைக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பேச்சில் நாளைக் கழிக்காதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சாட்டில் பேசுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள் வருவார், "உங்கள் சிரமம் புரிகிறது" என்பார், சாட் மூடியதும் பேசியது மறைந்துவிடும். தளத்தில் குறைதீர் அலுவலர் என்று ஒருவரின் பெயரும் மெயிலும் போட்டிருக்க வேண்டும் என்பது மின்வணிக விதிகளின் 4ஆம் விதி. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடி எடுங்கள். புகார் வந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு ஒரு பக்கத்துக்குள் மெயில் எழுதுங்கள். ஆர்டர் நம்பர், டெலிவரி தேதி, பிரித்த தேதி, யார் பிரித்தார், என்ன தெரிந்தது, அன்றே பதிந்த டிக்கெட் நம்பர், என்ன வேண்டும். கடைசி விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "நல்ல முடிவு எடுங்கள்" என்று கெஞ்சி முடிக்காதீர்கள். "மின்வணிக விதிகள் 2020இன் 6ஆம் விதிப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்து 26,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி கோருகிறேன். விற்பனையாளரின் முழுப் பெயர், முகவரி, மின்னஞ்சல் விவரங்களை 5ஆம் விதிப்படி எழுத்தில் தாருங்கள்" என்று எழுதுங்கள். நீங்கள் எழுத்தில் கேட்டால் விற்றவரின் முகவரியைத் தளம் தந்தே ஆக வேண்டும். ஆக, விற்றவர் யாரென்றே தெரியவில்லை என்ற உங்கள் பிரச்சினைக்கு வழி இதில் இருக்கிறது.

அதே நாளில் 1915க்குக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், கம்பெனியிடம் உங்கள் புகாரைத் தள்ளிப் பதில் வாங்குவார்கள். பெரிய தளங்கள் பலவற்றில் இதற்கென்றே தனி ஆட்கள் இருப்பதால், சாட்டில் மூன்று வாரம் நகராத விஷயம் இங்கே நகர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நகராமலும் போயிருக்கிறது. எப்படியானாலும் அந்தப் புகார் எண் பின்னால் மனுவில் பயன்படும். ஒரு எச்சரிக்கை: கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள், திரையைக் காட்டுங்கள் என்று சொல்பவர்கள் உங்கள் மாதிரி தவித்துக்கொண்டிருப்பவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். டிவிக்காகக் கூப்பிட்டு, கணக்கில் இருந்த பணத்தையும் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

கிரெடிட் கார்டில் கட்டியது உங்களுக்கு இன்னொரு கதவு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில், பொருள் உடைந்து வந்தது என்ற காரணத்துக்காகப் பணத்தைத் திரும்ப இழுக்கும் சார்ஜ்பேக் முறை இருக்கிறது. பொதுவாக 120 நாள் கெடு. உங்கள் வங்கிக்கு எழுத்தில் தகராறு பதிவு செய்து, ஜாப் ஷீட், படங்கள், தளம் மறுத்த மெயில் மூன்றையும் இணையுங்கள். இது கார்டு நெட்வொர்க்கின் ஏற்பாடு, சட்ட உரிமை இல்லை. விற்றவர் பக்கமும் பதில் சொல்வார்கள், முடிவு எந்தப் பக்கமும் போகலாம். மோசடிப் பரிவர்த்தனைக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் விதியை இதற்குக் காட்டாதீர்கள், அது வேறு விஷயம். இஎம்ஐயாக மாற்றியிருந்தால், தகராறு முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் நிறுத்தினால் கெடுவது உங்கள் சிபில் கணக்குத்தான்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பெங்களூருக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராகவும் கேட்கலாம். அதற்கு முன்பு, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் பாதி விஷயங்கள் அந்த நோட்டீஸிலேயே முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். மனுவில் பில், ஸ்டிக்கர் படம், ஜாப் ஷீட், பேனல் படங்கள், டிக்கெட் விவரம், மெயில்கள், நோட்டீஸ் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். மின்னணு ஆதாரங்களுக்கான சான்றிதழ் ஒன்றையும் (படங்களும் மெயில் நகல்களும் எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தவை என்று உறுதிசெய்வது) சேர்த்துவிடுங்கள். ஆணையம் சாட்சியச் சட்டத்தின் கறாரோடு நடப்பதில்லை என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

எவ்வளவு நாள் ஆகும்? எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் ஒரு வருடம், சில ஊர்களில் அதற்கு மேலும் இழுக்கிறது. அதுவரை அந்த உடைந்த டிவியை அப்படியே வைத்திருக்க வேண்டும். பேனல் மாற்றிக்கொள்ளாதீர்கள். 43 இன்ச்சுக்குப் பேனல் விலை புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும், ஆதாரமும் போய்விடும். திரும்ப எடுக்க ஆள் வந்தால் சீரியல் நம்பர் தெரியப் படம் எடுத்து, எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டே கொடுங்கள். நடுவில் 2,000 ரூபாய் கூப்பன் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரியைப் படிக்காமல் ஓகே அழுத்திவிடாதீர்கள்.

நஷ்டஈடு விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். விலையும் அதற்கு 6 முதல் 9 சதவீதம்வரை வட்டியும் நான் பார்த்த உத்தரவுகளில் வழக்கமாக வருகின்றன. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தருவது ஆணையத்துக்கு ஆணையம் மாறும். சில ஆயிரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 5 லட்சம் கேட்டு மனு போட்டால் அதிகம் கிடைத்துவிடாது, உங்கள் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து லேசாகத் தெரியும்.

இரண்டு விஷயம் நீங்கள் சொல்லவில்லை, அவை பதிலை மாற்றக்கூடும். டிவியை வீட்டுக்கு வாங்கினீர்களா, ஹோட்டலுக்கோ அலுவலகத்துக்கோ வாங்கினீர்களா? வியாபாரத்துக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதிடுவார்கள். சொந்தப் பிழைப்புக்காக நடத்தும் சின்னக் கடை என்றால் விலக்கு உண்டு, ஆனால் அதையும் நிரூபிக்க வேண்டும். அடுத்து, பில் யார் பெயரில் இருக்கிறது? கம்பெனி ஜிஎஸ்டி எண் போட்டு வாங்கியிருந்தால் மனுவை வேறு மாதிரி எழுத வேண்டும்.

அந்த டெலிவரி ஆள்மேல் நீங்கள் கோபமாக எழுதியிருந்தீர்கள். அவரை மனுவில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை பார்சல் என்று கணக்கு வைத்து ஓடவிடப்படுகிறார், பெட்டியை வண்டியில் படுக்கப் போட்டவர் அவராக இல்லாமலும் இருக்கலாம். நஷ்டத்தை அவர் சம்பளத்தில் பிடித்துவிட்டு, உங்களுக்கும் பணம் தராமல் இருந்த கதைகள் எனக்குத் தெரியும். பொறுப்பு விற்றவருக்கும் தளத்துக்கும்தான்.

இன்று ராத்திரியே குறைதீர் அலுவலருக்கு மெயில் போய்விட வேண்டும். டார்ச் அடித்து எடுத்த பேனல் படத்தையும் அதற்கு நேரான தெர்மோகோல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். ஜாப் ஷீட்டில் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு இங்கே போட்டால், அதில் எந்த வரியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.